ஹவுஸ் சர்ஜன் வருஷத்த பசங்ககிட்டேர்ந்து பிடுங்காதீங்க

எம்பிபிஎஸ் மொத்தம் அஞ்சரை வருஷம், அதுல கடைசி ஒரு வருஷம் சி.ஆர்.ஆர்.ஐ, அதாவது ஆஸ்பத்திரியிலயே வேலை பாத்து கத்துக்குற கட்டாயப் பயிற்சி, நம்ம பக்கம் ஹவுஸ் சர்ஜன்னு சொல்லுவாங்க. அந்த ஒரு வருஷத்துலதான் கையில தொழில் ஏறும், அதத்தான் இப்ப எல்லாருமா சேர்ந்து வீணடிக்கிறோம். ரொம்ப நாளா மனசுல இருக்குற ஆதங்கம் இது.

முதல் வருஷம் அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி. டிசெக்‌ஷன் ஹால்ல இருந்து வந்து எத்தன தடவ கை கழுவினாலும் சோறு பிசையும்போது, பொணம் கெடாம இருக்க போடுற பார்மலின் நெடி அடிக்கும். அதெல்லாம் கஷ்டம்தான், ஆனா ராத்திரி முழிச்சு படிச்சா பாஸ் ஆயிடலாம். வார்டு அப்படி இல்ல.

பாம்புக்கடியவே எடுத்துக்கோங்க, டெல்டால அறுவடை நேரத்துல கேஷுவாலிட்டி பாத்தவங்களுக்கு நல்லாவே தெரியும். கண்ணாடிவிரியன் கடிச்சிருக்குமோன்னு சந்தேகம்னா 2 மில்லி ரத்தம் எடுத்து காஞ்ச கண்ணாடி டெஸ்ட் டியூப்ல விட்டு 20 நிமிஷம் அசைக்காம வச்சிட்டு சாய்ச்சுப் பாக்கணும், உறையாம ஓடுச்சுன்னா விஷம் ஏறியிருக்குன்னு ஏ.எஸ்.வி, அதாவது பாம்பு விஷமுறிவு மருந்து, ஏத்தணும். கேக்க சுலபமா இருக்கும். பிளாஸ்டிக் டியூப்ல விட்டாலோ சோப்பு போட்டு கழுவுன டியூப்ல விட்டாலோ நல்ல ரத்தமே உறையாம நிக்கும். கட்டுவிரியன் இன்னும் மோசம், தரையில பாய் போட்டு படுத்த அம்மா விடியக்காலைல வயித்துவலின்னு வருவாங்க, கடிவாய் கண்ணுக்கே தெரியாது. "கொஞ்சம் மேல பாருங்கம்மா"ன்னு சொல்லி, விஷம் ஏறினதுக்கு அடையாளமா இமை இறங்குதான்னு பாக்கத் தெரிஞ்சிருக்கணும். அத லேசா இறங்கும்போதே கண்டுபிடிக்கிறதுக்கு நாலஞ்சு பேரையாவது பக்கத்துல நின்னு பாத்திருக்கணும்.

ஆனா பசங்க என்ன பண்றாங்க? சாம்பிள தூக்கிட்டு லேபுக்கு ஓடுறாங்க, ரிப்போர்ட் வாங்கிட்டு வர்றாங்க, ஸ்ட்ரெச்சர் தள்றாங்க, ஸ்கேனுக்கு தேதி வாங்குறாங்க, காப்பீட்டு ஃபார்ம் நிரப்புறாங்க. மிச்ச நேரத்துல டூட்டி ரூம்ல இயர்போன் மாட்டிக்கிட்டு, மேல்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பிஜிக்கு வீடியோ. 200 கேள்வி, சரின்னா 4, தப்புன்னா மைனஸ் 1, இமை இறங்குறத நேர்ல பாத்தியான்னு எந்தக் கேள்வியும் கேக்காது. நான் பசங்கள குத்தம் சொல்ல மாட்டேன். எம்பிபிஎஸ் முடிச்சு ஊருக்குப் போனா "வெறும் எம்பிபிஎஸ்தானாப்பா, மேல என்ன படிக்கிற"ன்னு மாமாவுலேர்ந்து பக்கத்து வீட்டு அத்தை வரைக்கும் கேட்டா அவன் வேற என்னதான் பண்ணுவான். இத்தனைக்கும் நம்ம கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல ராத்திரி நம்மள முதல்ல பாக்கறது அந்த "வெறும் எம்பிபிஎஸ்" டாக்டர்தாங்க.

1959-ல தஞ்சாவூர்ல மெடிக்கல் காலேஜ் வந்துச்சு, 2010-ல திருவாரூர், 2022-ல நாகப்பட்டினம். வேதாரண்யம் பக்கத்துப் பிள்ளைங்க இன்னிக்கு அவங்க மாவட்டத்துலயே டாக்டருக்குப் படிக்கலாம், எவ்ளோ பெரிய விஷயம் அது! கட்டடம் கட்டின அதே அக்கறையோட வார்டுக்கும் ஆள் போடுங்க. சாம்பிள் கொண்டுபோக தனியா ஆள் வேணும், ஒவ்வொரு ஹவுஸ் சர்ஜனுக்கும் நாலு பெட்டாவது அவங்க பொறுப்புல குடுக்கணும், ரவுண்ட்ஸ்ல அவங்களே கேஸ் சொல்லணும், தப்பா சொன்னா அங்கயே நிறுத்தி சொல்லிக்குடுக்க அசிஸ்டன்ட் ப்ரொஃபசருக்கு நேரம் இருக்கணும். பசங்க செஞ்ச பயிற்சிய பதிவு பண்ற லாக் புக்ல வரிசையா கையெழுத்து போட்டுத் தள்றதையும் முதல்ல நிறுத்துங்க, பேஷண்ட தொட்டுப் பாத்த பசங்களுக்கு மட்டும் போடுங்க.