3ஆம் இலக்கம் மால்டினியுடையது

இந்தத் தீபாவளிக்கு, கொழும்பில் வேலை செய்யும் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பையன்கள் காசு சேர்த்து ஃபுட்போல் டீமுக்குப் புது ஜேர்சி எடுத்து வந்திருந்தார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் பையைப் பிரித்ததுதான் தாமதம், 10க்கு நான்கு பேர், 7க்கு மூன்று பேர், 9ஐ ஒருத்தன் யாரையும் கேட்காமல் போட்டே விட்டான். கடைசியில் பைக்குள் மிஞ்சிக் கிடந்தது 3. அதை என் அக்கா மகன் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "மாமா, இது ரொபர்ட்டோ கார்லோஸ் நம்பர். 3 போட்டவங்கள்ல அவரைவிடப் பெரிய ஆள் யாரும் இல்ல" என்றான். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது, பேச்சு பாதியில் நின்றுவிட்டது. அவன் மறுநாள் கொழும்புக்குப் பஸ் ஏறிவிட்டான். மீதியை இங்கே எழுதுகிறேன், அவனும் படிப்பான்.

என் முடிவு இத்தாலிக்காரர், ஏசி மிலான் கிளப்பின் பாவ்லோ மால்டினி. இருபது வருடமாக அதில் மாற்றம் இல்லை.

பிரேசிலின் ரொபர்ட்டோ கார்லோஸைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. அந்தக் காலில் இருந்த வேகத்தை இடது ஓரத்தைக் காக்கிற வேறு எந்த இடது பேக்கிடமும் நான் பார்த்ததில்லை. ஆனால் அவன் போனில் எனக்குப் போட்டுக் காட்டிய கோல் எது? 1997இல் லியோனில் பிரான்ஸுக்கு எதிராக அடித்த அந்த ஃப்ரீ கிக். பந்து வெளியே போவதுபோல் போய், வளைந்து உள்ளே வந்தது, பிரான்ஸ் கோலி பார்த்தேஸ் நின்ற இடத்திலேயே நின்றார். சரி, அந்த வீடியோவை இன்னொரு தடவை போட்டு முதுகைப் பார். 6 இருக்கும். பிரேசிலில் இடது பேக்குக்கு 6தான் வழக்கம், 3 நடுவில் காக்கிற சென்டர் பேக்குக்குப் போகும். 2002 உலகக் கிண்ணத்தையும் அவர் 6 போட்டுத்தான் வென்றார். நாம் பேசுவது ஆள் யார் பெரியவர் என்பது பற்றி இல்லையே, அந்த இலக்கத்தைப் போட்டுக்கொண்டு யார் என்ன செய்தார் என்பது பற்றித்தானே. அப்படியானால் 3க்குக் கணக்காக ரியல் மட்ரிட்டில் செய்ததை மட்டும்தான் எடுக்க முடியும். அதுவும் சின்ன விஷயம் கிடையாது, 11 வருடம், மூன்று சம்பியன்ஸ் லீக் கிண்ணம், 2002 கிளாஸ்கோ ஃபைனலில் ஸிடான் அடித்த அந்தக் கோலுக்கு உயரமாகப் பந்தைத் தூக்கிக் கொடுத்ததும் அவர்தான். இதே நியாயத்தில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2006 உலகக் கிண்ணத்தில் பிரான்ஸுக்கு எதிராக, பெனால்டி பெட்டி ஓரத்தில் அவர் குனிந்து சொக்ஸைச் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில் ஹென்றி கோல் அடித்துவிட்டார் என்று இன்னமும் திட்டுகிறார்கள் இல்லையா, அதுவும் 6 போட்ட மேட்ச். அதை 3இன் தலையில் கட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இந்த நியாயம் என் ஆளுக்கும் பொருந்தும், அதையும் நானே சொல்லிவிடுகிறேன். அப்போதெல்லாம் மேட்சுக்கு மேட்ச் 1இலிருந்து 11வரை பிரித்துக் கொடுப்பார்கள், இத்தாலி லீக்கில் ஆளுக்கு ஒரு நிரந்தர இலக்கம் வந்தது 1995இல்தான். 1994இல் ஏதென்ஸில் பார்சிலோனாவை மிலான் 4-0 என்று அடித்த அந்த ஃபைனலில், வழக்கமாக சென்டர் பேக் ஆடும் பரேசியும் கொஸ்டகூர்த்தாவும் தடையில் இருந்ததால் மால்டினி சென்டர் பேக் ஆடினார், முதுகில் 6. 3 இன்னொரு மிலான் பேக்கான பனுச்சியிடம் இருந்தது. 1990 உலகக் கிண்ணத்தில் இத்தாலிக்கு 7 போட்டார், 1994இல் 5. இதெல்லாம் கழிந்து போகட்டும். கழித்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தால் 1989, 1990, 2003, 2007 என்று நான்கு ஐரோப்பியக் கிண்ணம் (இப்போதைய சம்பியன்ஸ் லீக்தான்), நான்கிலும் 3. முதலாவதுக்கும் கடைசிக்கும் இடையில் 18 வருடம். இருபது வயதில் ஒன்று, முப்பத்தெட்டு வயதில் ஒன்று. மிலானுக்கு மொத்தம் 902 மேட்ச். வேறு கிளப் ஒன்றுமே இல்லை.

கிண்ணம் எண்ணுவது பாதிப் பேச்சுதான். 3 என்ன வேலை செய்கிற இலக்கம் என்று தெரிந்தவனுக்குத்தான் மீதிப் பாதி புரியும். எங்கள் தோட்டத்து கிரவுண்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் பக்கம் ரோட்டு, கீழ்ப் பக்கம் தண்ணீர் ஓடுகிற கான், கானைத் தாண்டினால் தேயிலை. நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துப் பக்கம் பார்த்து ஆடும்போது இடது பேக் நிற்பது அந்தக் கீழ் ஓரத்தில். பந்து விட்டால் அது உருண்டு உருண்டு மலைக்குள் போய்விடும், எடுக்கப் போகவேண்டியதும் அவனேதான். கவ்வாத்து வெட்டியிருக்கும் மாதங்களில் அந்தக் குச்சி குத்திப் பந்து வெடித்த கதை எத்தனையோ. அதனால் சின்ன வயதிலேயே எங்களுக்குப் பழகிப்போனது ஒன்று, பாய்ந்து விழுந்து தட்டிவிடக்கூடாது, முந்திப் போய் நின்று, விங் ஆடுகிறவனை உள்ளே திருப்பி, பந்தைக் காலோடு எடுக்கவேண்டும். பனி இறங்கிவிட்டால் எதிர்க் கோல் போஸ்ட்டே தெரியாது, வருகிற ஆளின் கால் சத்தத்தை வைத்து நிற்கவேண்டி வரும். அந்த இடத்தில் நான் பன்னிரண்டு வருடம் நின்றேன், அதுவும் வலது காலை வைத்துக்கொண்டு, ஏனென்றால் எங்கள் டீமில் இடது காலால் அடிக்கிறவனே இருக்கவில்லை.

மால்டினியும் வலது கால் ஆட்டக்காரர்தான். இது எனக்குத் தெரிய வந்த நாளை மறக்க முடியாது. வலது காலோடு பிறந்தவர், இடது பேக் இடத்தில் நின்று உலகத்திலேயே பெரிய ஆள் ஆனார், இடது காலையும் அதே அளவுக்குப் பழக்கிக்கொண்டு. அவருடைய பழைய மேட்ச் ஒன்றை முழுதாகப் போட்டு, பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும் பாருங்கள். பாஸ் கிளம்பும் முன்பே இரண்டு அடி நகர்ந்திருப்பார். தரையில் விழுந்து பந்தை எடுப்பது அபூர்வம், தேவையே வராது. நான் ஹட்டன் டன்பார் மைதானத்தில் ஆடிய ஒரு மேட்சில், என்னைவிட நல்ல வேகமான ஒரு பையனை முழு மேட்சும் கோல் பக்கம் விடாமல் வைத்திருந்தேன் என்றால், அது அந்த இரண்டு அடியைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதால்தான்.

2005 இஸ்தான்புல் ஃபைனலை அடுத்த லயத்தில் டிஷ் பூட்டியிருந்த வீட்டில் பார்த்தோம். வீட்டு முன் இஸ்தோப்பு முழுக்க ஆட்கள். முதல் நிமிடத்திலேயே மால்டினி கோல் அடித்தார், 36 வயதில், வலது காலால். பாதி நேரத்தில் 3-0. அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும், லிவர்பூல் மூன்றையும் திருப்பிப் போட்டு பெனால்டியில் எடுத்துக்கொண்டு போனது. எங்களுக்கு விடியக்காலை மூன்று மணி தாண்டிவிட்டது, யாரும் பேசவில்லை, குளிருக்குப் போர்த்தியிருந்த கம்பளியோடு அப்படியே எழுந்து போனோம். இரண்டு வருடம் கழித்து ஏதென்ஸில் அதே லிவர்பூலை 2-1 என்று வென்று அவர் கிண்ணத்தைத் தூக்கியபோது நான் அழுதுவிட்டேன்.

அவருடைய அப்பா செசாரே மால்டினியும் மிலான் கெப்டன். 1963இல் இங்கிலாந்தில், வெம்ப்ளியில் கிண்ணத்தைத் தூக்கினார். மகன் கெப்டனாகத் தூக்கியது 2003இல், அதே இங்கிலாந்தில், ஓல்ட் டிரஃபோர்டில். சரியாக 40 வருடம். அவர் ஓய்வு பெற்றதும் மிலான் 3ஐ எடுத்து வைத்துவிட்டது, அவர் பிள்ளைகள் மட்டும்தான் போடலாம் என்று. மகன் டானியல் மிலானுக்கு ஆடினார், ஆனால் 27ஐப் போட்டுக்கொண்டு.

இங்கிலாந்து இடது பேக் ஆஷ்லி கோலைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 2004 யூரோவில் ரொனால்டோவைக் கட்டி வைத்ததற்கு நானும் கை தட்டினேன், ஆனாலும் இந்த வரிசையில் அவர் கொஞ்சம் பின்னால்தான்.

என்னை உண்மையில் யோசிக்க வைக்கிற பெயர் ஒன்றுதான், ஜியாசிந்தோ ஃபக்கெட்டி. இன்டர் மிலான் இடது பேக், 1964இலும் 65இலும் ஐரோப்பியக் கிண்ணம், 1968இல் இத்தாலி யூரோ வென்றபோது கெப்டன். பேக் ஆடுகிறவன் முன்னே ஓடிப்போய் கோல் அடிக்கலாம் என்று காட்டியவர், லீக்கில் மட்டும் 59 கோல். அவர் இறந்த பிறகு இன்டரும் 3ஐ எடுத்து வைத்துவிட்டது, ஆக இரண்டு கிளப்பும் ஆடும் அந்த ஒரே மைதானத்தில் இரண்டு பக்கமும் 3 சும்மா கிடக்கிறது. மருமகன் அவர் பெயரைச் சொல்லியிருந்தால் இவ்வளவு உறுதியாக எழுதியிருக்க மாட்டேன். அவரை நான் முழு மேட்சாகப் பார்த்ததில்லை, மால்டினியை என் கண்ணால் பார்த்தேன், என் முடிவில் அதற்கும் பங்கு இருக்கிறது.

டேய் மருமகனே, பொங்கலுக்கு வரும்போது அந்த 3ஐத் துவைத்து எடுத்து வா, கீழ் ஓரத்தில் எங்கே நிற்பது என்று காட்டுகிறேன். ரொபர்ட்டோ கார்லோஸை விடவே முடியாது என்றால் 6க்குத் தனியாகப் பேசுவோம், நான் தயார். ஆனால் அங்கே மிலானின் 6, பரேசி நிற்கிறார், பார்த்துக்கொள்.