மட்டக்களப்பு – யாழ்ப்பாணம் 52 நிமிடமாம்!

மட்டக்களப்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். 291 கிலோமீற்றர், 52 நிமிடம் என்று தூரமும் நேரமும் கணக்கிடும் இணையதளக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு விடை தருவார்கள். ஏறுவதற்கு விமானம் எங்கே? இரண்டு ஊருக்கும் இடையில் நேரடிப் பயணிகள் விமான சேவையே கிடையாது. இல்லாத விமானத்துக்கு நேரம் குறித்துக் கொடுப்பது பச்சைப் பொய்!

அந்தக் கணக்கின் லட்சணத்தைப் பாருங்கள். மட்டக்களப்பின் திமிலைதீவு விமான நிலையத்தின் அகலாங்கு நெட்டாங்கையும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தினதையும் எடுத்து நேர்கோடு போடுகிறார்கள். அந்த 291ஐ மணிக்கு 800 கிலோமீற்றரால் வகுத்தால் 22 நிமிடம். ஏறி இறங்க என்று அரை மணியைச் சேர்த்தால் 52. உலகத்தில் எந்த ஊருக்கும் இதே சூத்திரந்தான். 800 என்பது பெரிய ஜெட்டின் வேகம் ஐயா! நமது மட்டக்களப்பு ஓடுபாதையில் ஏ320 போன்ற ஜெட் இறங்க நீளம் காணாது. இங்கே வந்துபோகக்கூடியது செஸ்னா கரவன் போன்ற சிறு விமானம், அதன் வேகமோ மணிக்கு ஏறக்குறைய 340 கிலோமீற்றர்தான். பறப்பதற்கு மட்டுமே ஏறக்குறைய 50 நிமிடம் பிடிக்கும். பலாலியில் இறங்கினாலும் யாழ் நகருக்குள் வர இன்னும் பதினைந்து கிலோமீற்றருக்கு மேல் கிடக்கிறது.

அம்பாறை என்று போட்டால் இன்னும் மோசம். விமானப்படைத் தளத்தைக் காட்டி, "அருகிலுள்ள விமான நிலையம்" என்கிறார்கள்.

உண்மையான தூரத்தைச் சொல்கிறேன். வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரணை, மரதன்கடவல, அங்கிருந்து ஏ9 வீதியில் வவுனியா, கிளிநொச்சி என்று போனால் 350 கிலோமீற்றருக்கு மேல். வாகரை, திருகோணமலை, ஹொரவப்பொத்தானை வழியும் ஏறக்குறைய அவ்வளவுதான். பஸ்ஸின் சராசரி வேகத்தை மணிக்கு 45 என்று வையுங்கள்: எட்டு மணித்தியாலம். இரவில் மின்னேரியா – ஹபரணைப் பக்கம் யானை நின்றால் அதுவும் கூடும். ரயில் இன்னும் சுற்று. மேற்கே மாகோ சந்தி வரை போய், அங்கே மாறி, திரும்ப வடக்கே ஏறவேண்டும். 450 கிலோமீற்றரைத் தாண்டிவிடும்.

வயிறு எரிவது இதற்குத்தான்: சென்னையிலிருந்து பலாலிக்கு வான்வழித் தூரமே ஏறக்குறைய 355 கிலோமீற்றர். அதற்கு 2019இல் ஏ.ரி.ஆர். என்ற நடுத்தர விசிறி விமானம் விட முடிந்தது. ஒரே நாட்டுக்குள் அதைவிடக் கிட்ட இருக்கும் இரண்டு தமிழ் ஊர்களை இணைக்க ஒன்றும் இல்லை. மட்டக்களப்பை 2018இல் சர்வதேச விமான நிலையம் என்று அறிவித்தார்கள். அறிவித்தால் போதுமா?

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறவர்கள் இந்த 52ஐ நம்பி, காலையில் மட்டக்களப்பில் கலியாணவீடு, பின்னேரம் யாழ்ப்பாணத்தில் திவசம் என்று திட்டம் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எந்த இணையதளம் நேரம் சொன்னாலும் மூன்றைக் கேளுங்கள்: எந்த நிறுவனம், விமான இலக்கம் என்ன, எந்தக் கிழமை. மூன்றும் இல்லையென்றால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு பஸ்ஸுக்கு இருக்கை பதியுங்கள். அந்தத் தளங்களை நடத்துகிறவர்களே, நிமிடக் கணக்குக்கு மேலே "நேரடி விமானம் இல்லை" என்று ஒரு வரி போட உங்களுக்கு என்ன கேடு?