ரேடியேட்டர் ஜில்லென்று இருக்கிறதாம்!

ரேடியேட்டர் ஜில்லென்று இருக்கிறதாம். ஆகவே கூலிங் பிரமாதமாக வேலை செய்கிறதாம். திரவத்தை ஓடவிட்டுக் குளிர்விக்கும் பழைய வாட்டர் கூலிங் கணினியைத் தூக்கிக்கொண்டு, அதை விற்றவரின் கடை வாசலில் போய் நின்ற எவருக்கும் இந்த வாக்கியம் புதிதாக இருக்காது என்பதால், முன்கதையைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கப்போவதில்லை. கண்ணாடிப் பக்கவாட்டுடன் புத்தம்புதுக் கேபினெட், அதற்குள் வண்ண வண்ணமாக மின்னும் ஃபேன்கள், நடுவில் 2011ஆம் ஆண்டு நவம்பரில் சந்தைக்கு வந்த ஆறு கோர் ஐ7-3930கே பிராசசர், அதன் தலைமேல் எந்த ஆண்டு பிறந்தது என்றே எவருக்கும் தெரியாத ஒரு லிக்விட் கூலர். கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கும் தேவகோட்டைக்காரன் ஒருவன், அதாவது நான், காரைக்குடிக்குப் போய் இதை வாங்கி வந்தேன் என்ற ஒரு வரியே போதும். மிச்சத்தை நீங்களே நிரப்பிக்கொள்வீர்கள்.

பிராசசர் கக்கும் சூட்டைத் திரவத்தின் வழியாக வாங்கிக் காற்றில் கொட்டுவதற்கென்றே இருக்கிற பாகம்தான் ரேடியேட்டர். இந்தப் பிராசசரோ 130 வாட் வகையைச் சேர்ந்தது. அது முழு மூச்சாக வேலை செய்துகொண்டிருக்கும்போது ரேடியேட்டர் ஜில்லென்று இருக்கிறது என்றால், சூடு அங்கே வந்து சேரவே இல்லை என்று பொருள். திரவம் போய்வருகிற இரண்டு குழாய்களில் ஒன்று தொட முடியாத சூட்டிலும் மற்றது பச்சைத்தண்ணீரைப் போலவும் இருந்தால், பம்பு தள்ளவில்லை, அல்லது பிராசசரின் மேல் உட்கார்ந்திருக்கும் செம்புத் தகட்டின் மெல்லிய இடுக்குகளில் கசடு அடைத்துக்கொண்டது, அல்லது உள்ளே திரவம் குறைந்து பம்புக்குள் காற்று புகுந்துவிட்டது. இது தெரியாமல் ஒருவர் வாட்டர் கூலிங் கணினி விற்கலாமா என்று கேட்டால், விற்கலாம் போலிருக்கிறது; அமோகமாகவே விற்கலாம். என் கையைப் பிடித்து ரேடியேட்டரின் மேல் வைத்து, "தொட்டுப் பாருங்கண்ணே, எவ்வளவு ஜில்லுன்னு இருக்கு" என்று பூரித்துப்போனார் கடை முதலாளியான அந்தத் தம்பி. அதே நேரத்தில் திரையில் பிராசசரின் வெப்பம் 93 டிகிரியில் நின்றுகொண்டிருந்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது வேகத்தைக் குறைத்துக்கொண்டே போக, மாப்பிள்ளை அழைப்பு வீடியோவின் ரெண்டரிங், அதாவது எடிட் செய்ததைக் கோர்த்து முழு வீடியோவாக்கும் வேலை, முடிய இன்னும் எவ்வளவு நேரம் என்று காட்டுகிற எண், குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போனது.

நான் 93 என்ற எண்ணைச் சுட்டிக்காட்டினேன். அது சாஃப்ட்வேர் தப்பாகக் காட்டுகிறது என்றார். இரண்டு குழாய்களையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். சூடான குழாயைத் தொட்டுவிட்டுக் கையை உதறியவர், "பாத்தீங்களா, சூட்டை நல்லா இழுக்குதுண்ணே" என்றார். இதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று வண்டியில் திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன், இன்னும் கிடைக்கவில்லை. கடைசியில், தண்ணீர் கொஞ்சம் குறைந்திருக்கலாம், ஏற்றிவிடுகிறோம் என்று இரக்கப்பட்டுப் பையனைக் கூப்பிட்டார்.

பையன் உள்ளே போனான். வரும்போது ஒரு கையில் டம்ளர், மறு கையில் ஊசி. ஊசி என்றால் இங்க்ஜெட் பிரிண்டருக்கு மை நிரப்புகிற ஊசி. டம்ளரில் என்ன தண்ணீர் என்று கேட்டேன். கேன் தண்ணீர் என்றான். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டராவது வாங்கி வரக்கூடாதா என்று கேட்டதற்கு, "இது அதவிட சுத்தம்ண்ணே, நாங்களே இதத்தான் குடிக்கிறோம்" என்று முதலாளி குறுக்கே புகுந்தார். நீங்கள் குடிக்கிறீர்கள் என்பதற்காக என் மதர்போர்டும் குடிக்க வேண்டுமா? குடிக்கிற தண்ணீரில் உப்புகள் கரைந்திருந்தால்தான் அது தண்ணீர். இதில் அந்த உப்புகள் இருக்கவே கூடாது. முறையான கூலன்ட் என்பது வெறும் தண்ணீர்கூட அல்ல. அதில் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் கலந்திருக்கும், உலோகம் அரிக்காமலிருக்க ஒரு மருந்து இருக்கும், பாசி பிடிக்காமலிருக்க இன்னொன்று இருக்கும். இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள், ரேடியேட்டரின் விளிம்பில் இருந்த "அகற்றினால் வாரண்டி கிடையாது" ஸ்டிக்கரைப் பையன் நகத்தால் சுரண்டத் தொடங்கியிருந்தான். அது வரவில்லை. பிளேடு வந்தது. ஸ்டிக்கர் பாதி கிழிந்தது. அடியில் இருந்த திருகு திரும்பவில்லை. தலை தேய்ந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, மிகுந்த நிதானத்துடன், தலை தேய்ந்த இன்னொரு ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

இவ்வளவும் கணினி நிமிர்ந்து நிற்கும்போதே நடக்கிறது. ரேடியேட்டர் கேபினெட்டின் உச்சியில் இருக்கிறது. அதற்கு நேர் கீழே, அந்தக் கணினியிலேயே விலை கூடிய பொருளான கிராபிக்ஸ் கார்டு படுத்திருக்கிறது. மின்கம்பியைப் பிடுங்கியது நான். கார்டைக் கழற்றிவிடலாமே என்று கெஞ்சியதும் நான். பையன் என்மேல் இரக்கம் கொண்டு, நேற்றைய தினசரித் தாள் ஒன்றை மடித்துக் கார்டின் மேல் விரித்தான். பிறகு ஊசியில் தண்ணீரை இழுத்தான். முன்பு எப்போதோ நிரப்பிய நீல மை ஊசியின் அடியில் காய்ந்து கிடந்திருக்க வேண்டும். அது மெல்ல மெல்லக் கரைந்து பரவி, தண்ணீர் முழுவதும் வெளிர்நீலமாயிற்று. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலாளியின் முகம் மலர்ந்தது. "பாருங்கண்ணே, கூலன்ட் கலரே வந்துருச்சு!"

ஏற்றினான். பாதி உள்ளே போயிற்று, மீதி தினசரியின் மேல் சொட்டியது. கணினியைப் போட்டதும் பம்பிலிருந்து களகளவென்று சத்தம் வந்தது. உள்ளே காற்று மாட்டிக்கொண்டிருப்பதை அறிவிக்கும் சத்தம் அது. கேபினெட்டைச் சாய்த்தும் நிமிர்த்தியும் காற்றை ரேடியேட்டரின் மேல்முனைக்கு ஓட்டிவிட வேண்டும் என்று நான் சொல்ல வாயைத் திறந்தேன். "சத்தம் கேக்குதுல்லண்ணே, அப்ப பம்பு ஓடுதுன்னு அர்த்தம்" என்று பேச்சை முடித்துவைத்தார். வெப்பம் 88க்கு இறங்கியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். டீ சொல்லட்டுமா என்று கேட்டார்கள். டீ வருவதற்குள் மறுபடியும் 93.

இந்தக் கூத்து வேறு எந்த ஊரிலாவது நடந்திருந்தால்கூட நான் இவ்வளவு கொதித்திருக்க மாட்டேன். இது நடந்தது காரைக்குடியில். உலோகம் ஏன் அரிக்கிறது, எப்படித் தடுப்பது என்று ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊரில். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த நிலையம் அது. 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அப்படிப்பட்ட ஊரில், அந்த வளாகத்துக்கு ஷேர் ஆட்டோவில் போய்விடக்கூடிய தூரத்தில் கடை வைத்துக்கொண்டு, செம்புத் தகடும் அலுமினிய ரேடியேட்டரும் இருக்கிற ஒரே சுற்றுக்குள் உப்புத் தண்ணீரை ஊசியால் ஏற்றுகிறார்கள். இரண்டு வேறு உலோகங்களுக்கு நடுவே மின்சாரம் கடத்துகிற தண்ணீர் இருந்தால் அது ஒரு மின்கலம்; அலுமினியம் கரைந்துகொண்டே போகும், கரைந்தது கசடாகிப் போய்த் தகட்டின் இடுக்குகளை அடைக்கும். பள்ளிக்கூடத்து வேதியியல் இது. கடைக்காரருக்கு இதைச் சொன்னேன். "அதெல்லாம் பெரிய பெரிய ஆலைக்குண்ணே" என்றார்.

திரவத்தை வைத்துக் குளிர்விப்பதே மோசம் என்று நான் சொல்வதாக எவரும் கிளம்பிவிட வேண்டாம். 1985இல் வந்த க்ரே-2 மீக்கணினியின் மின்சுற்றுகளை அப்படியே திரவத்தில் மூழ்கடித்துத்தான் ஓட்டினார்கள். அது மின்சாரம் கடத்தாத திரவம். கேன் தண்ணீர் அல்ல. 2004இல் ஆப்பிள் நிறுவனம் தன் பவர் மேக் ஜி5 வரிசையில் 2.5 கிகாஹெர்ட்ஸ் மாதிரிக்குத் திரவக் குளிர்விப்பைக் கொடுத்தது. அவற்றில் பல, வயதானபின் கசிந்து, மதர்போர்டையும் அடியில் இருந்த பவர் சப்ளையையும் நாசமாக்கியது சேகரிப்பாளர்கள் அனைவரும் அறிந்த செய்தி. அதனால்தான் இன்றைக்கும் அந்தக் கணினியை வாங்குகிறவர், முதலில் டார்ச்சை அடித்து அடியில் கறை இருக்கிறதா என்று பார்க்கிறார். திரவக் குளிர்விப்புக்கு ஆயுள் உண்டு என்பதை உலகம் ஒப்புக்கொண்டு நெடுங்காலம் ஆகிறது. மூடி முத்திரையிட்ட கூலரிலும் ரப்பர் குழாயின் சுவர் வழியாகத் திரவம் மிக மெதுவாக ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. பிராசசர் பத்தாண்டுக்குப் பிறகும் பிராசசர்தான். மெமரியும் அப்படித்தான். அந்தப் பெட்டிக்குள் நாள்தோறும் செத்துக்கொண்டிருக்கிற பாகம் இந்தக் கூலர் ஒன்றுதான், அதன் வயதைத்தான் ஒருவரும் சொல்வதில்லை. வண்ண விளக்கு ஃபேன் புதிது என்கிறார்கள், கேபினெட் புதிது என்கிறார்கள், கண்ணாடியின் மேல் ஒட்டிய பாலிதீன் தாளைக்கூட உரிக்காமல் கொடுக்கிறார்கள். கூலரின் லேபிளில் தேதி இருந்த இடத்தை மட்டும் சுரண்டி வைத்திருக்கிறார்கள்.

வயதைக் கேட்டேன். அதற்குக் கிடைத்த பதில்தான் இன்று முழுவதும் என் காதில் ஓடிக்கொண்டிருக்கிறது. "அந்தக் காலத்துப் பொருள்ண்ணே, இப்ப வர்றதெல்லாம் இவ்வளவு ஸ்ட்ராங்கா வராது." முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் விற்கிறவர்கள் சொன்னால் அது நியாயம். பர்மாத் தேக்குத் தூணுக்கும் எனாமல் தூக்குச்சட்டிக்கும் அது பொருந்தும். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் இடித்த வீடுகளிலிருந்து வந்த கதவுக்கும் நிலைக்கும் பொருந்தும். ரப்பர் வளையத்துக்கும் கட்டைவிரல் பருமன் பம்புக்கும் அது எப்படியப்பா பொருந்தும்? செட்டிநாட்டில் பிறந்துவிட்டால் எந்தக் குப்பையையும் ஆன்டிக் என்று விற்றுவிடலாம் என்று யார் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?

இன்னொன்றையும் இங்கேயே கொட்டிவிடுகிறேன். வாட்டர் கூலிங் என்றால் ஏசி வைத்தது போல இருக்கும் என்று இவர்கள் பரப்பிவைத்திருக்கிற பொய். எந்த ரேடியேட்டரும் அறையின் வெப்பத்துக்குக் கீழே திரவத்தைக் கொண்டுபோக முடியாது. சித்திரை மாதத்து மத்தியானத்தில் என் எடிட்டிங் அறை இருக்கிற இருப்புக்கு, திரவம் அந்த அறை வெப்பத்துக்கு இறங்கிவிட்டாலே பெரிய காரியம்.

சரி, இந்த நீலத் தண்ணீர்ச் சனியனே வேண்டாம், சாதாரண ஏர் கூலரை மாட்டிவிடலாம் என்று முடிவெடுத்தேன். இந்த வகைப் பிராசசரை இன்டெல் விற்றபோதே பெட்டிக்குள் கூலர் வைக்கவில்லை, தனியாகத்தான் வாங்கவேண்டியிருந்தது என்பதால், இதற்குப் பொருந்தும் ஏர் கூலர்கள் அன்றைக்கு ஏராளமாக வந்தன. இன்றைக்கு? நல்ல கனமான ஒன்றை வரவழைத்தேன். பெட்டியைப் பிரித்தால், பிராசசர் உட்காரும் இடமான சாக்கெட்டின் புது வகைகளில் 1700க்குப் பிடிமானம் இருக்கிறது, ஏஎம்4க்கு இருக்கிறது, ஏஎம்5க்கு இருக்கிறது. என் 2011 சாக்கெட்டுக்கான நான்கு திருகுகள் மட்டும் இல்லை. அவை தனியாகக் கிடைக்குமாம். எங்கே என்று மட்டும் எழுதவில்லை. கையேட்டைத் தலைகீழாகவும் புரட்டிப் பார்த்துவிட்டேன்.

வேறு வழியில்லாமல், அந்தத் திருகுகள் பழைய சாமான்களுக்கு நடுவே கிடக்குமா என்று அதே கடைக்கே போன் செய்தேன். கிடக்காது என்றார். கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டினால் போதும், அவர் அப்படிப் பல பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறார் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நன்றாக, வயிறு வலிக்கிற அளவுக்கு. நான் சிரித்ததைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டவர், போனை வைப்பதற்கு முன்னால் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அண்ணே, அந்தப் பழைய கூலரத் தூக்கிப் போட்டுறாதீங்க. இங்க ஒரு பார்ட்டி வாட்டர் கூலிங் பிசிதான் வேணும்னு நிக்கிறாங்க."