காட்டுக்குள் பெட்டி வேண்டாம், மருமகனே

கனடாவிலிருந்து அக்காவும் மகனும் திருகோணமலைக்கு வந்திருந்தார்கள். அவனுக்குப் பதினாறு வயது. வந்த மறுநாளே ஃபோனோடு என் முன்னால் நின்றான். "மாமா, கன்னியாப் பக்கக் காட்டுக்க ஒரு பெட்டி ஒளிச்சு வைப்பமா?"

ஜியோகேஷிங் விளையாட்டாம். ஒருவர் பெட்டியை மறைத்துவிட்டு, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் பார்த்துத் தேடிப் போய், உள்ளிருக்கும் கொப்பியில் பெயர் எழுதிவிட்டு, பெட்டியை அதே இடத்தில் வைத்துவிட்டு வரவேண்டும். 2000ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கா ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை எடுத்துவிட, ஓரிரு நாளிலேயே ஒரேகனில் ஒருவர் ஒரு வாளியை ஒளித்துத் தொடக்கிவைத்தார். வாளிக்குள் ஒரு பீன்ஸ் டின்னும் இருந்தது!

நல்ல விளையாட்டுத்தான். ஆனால் அவன் அடுத்துச் சொன்னதுதான் இடித்தது. "அங்க பழைய ஆமித் தோட்டாப் பெட்டியிலயும் வைக்கிறவை மாமா, தண்ணி போகாது." அக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். போர் விட்டுப்போன வெடிபொருளுக்குப் பயந்து, காட்டில் தெரியாத பொருள் கிடந்தால் தொடாதே, கிட்டப் போகாதே என்று படித்து வளர்ந்த ஊர் இது. இங்கே பற்றைக்குள் ஒரு தோட்டாப் பெட்டி கிடந்தால் யார் திறந்து பெயர் எழுதப் போகிறார்கள்?

சரி, காட்டையாவது பார்க்கட்டும் என்று அனுமதி எடுத்துக்கொண்டு, பாதை தெரிந்த ஒருவரோடு போனோம். பாலை மரமும் வீரை மரமும் நெருங்கி நின்ற இடத்தில் ஃபோன் எட்டு மீற்றர் என்றது, இரண்டு அடி வைத்ததும் இருபது என்றது. அடர்ந்த இலைக்குக் கீழே ஜிபிஎஸ் அப்படித்தான் தடுமாறும். மருமகன் ஃபோனைப் பார்த்தே நடந்து, காயாத யானை லத்தியில் கால் வைத்தான். அதற்குப் பிறகு ஃபோன் பொக்கெற்றுக்குள் போய்விட்டது.

அப்புறந்தான் மரங்களைப் பார்த்தான். சமண்டலை மரத்தைக் காட்டி, இதற்கு ஆங்கிலத்தில் பெயரே 'திருகோணமலை மரம்'தான், ஒரு காலத்தில் சென்னைக் கரையில் அலையைத் தாண்டிக் கப்பலுக்குப் போய்வர மசூலாப் படகு கட்டியது இந்த மரத்தில் என்றேன். நம்பாமல் பட்டையைத் தடவிப் பார்த்தான்.

என் எண்ணம் இதுதான்: நம் காட்டுக்குப் பெட்டி வேண்டாம். பத்துப் பேர் தேடி வந்தால் பற்றைக்குள் தடம் விழும். அந்தத் தடத்திலேயே முதிரை மரம் திருட்டாக வெட்டுகிறவனும் வருவான். பெட்டியே இல்லாத வகையும் இந்த விளையாட்டில் உண்டே. 2004இல் வந்த எர்த்கேஷில் இடத்தின் நிலவியலைப் பார்த்துக் கேள்விக்குப் பதில் அனுப்பினால் போதும். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் அதற்கென்றே வெட்டி வைத்ததுபோல் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. எது கூடச் சூடு என்று கேட்டால், கை விட்டுப் பார்க்காமல் எவரும் பதில் சொல்ல முடியாது.

இதையெல்லாம் வழியில் அவனுக்கு விளக்கிக்கொண்டு வந்தேன். மறுப்பேதும் இல்லை. திரும்பிப் பார்த்தால், பாலைப்பழத்தை வாய் நிறைய அடைத்து, பால் பிசின்போல் ஒட்டி, உதட்டைப் பிரிக்க முடியாமல் நிற்கிறான்.