அலைக்கும் கரைக்கும் எதுகை உண்டு

தேவிபட்டினம் பக்கத்துக் கடலோரப் பள்ளி ஒன்றில் சென்ற மாதம் நடந்த கவிதைப் போட்டியில், ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்:

அலையோடு போனவன் ஆழங்கள் கண்டான்
கரையோடு நின்றவள் காத்தே இருந்தாள்

‘எதுகை பிழை’ என்று சிவப்பு மையில் குறித்து, ‘கரையோடு’ என்பதை அடித்து ‘வலையோடு’ என்று திருத்தி, மதிப்பெண்ணையும் குறைத்திருந்தார்கள். அந்தத் தாளைப் பார்த்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

அது பிழையே அன்று. அடிகளின் முதற்சொற்களில் முதலெழுத்து அளவொத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றிவருவதே எதுகை. இரண்டு சொற்களிலும் முதலெழுத்து குறில். இரண்டாம் எழுத்துகளான லகரமும் ரகரமும் ஒரே எழுத்து அல்ல என்றாலும், ஒரே இனமான இடையினம். இதை இடையின எதுகை என்று பெயரிட்டே யாப்பிலக்கணம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ‘எல்லா விளக்கும் விளக்கல்ல’ என்று தொடங்கிய வள்ளுவர், ‘பொய்யா விளக்கே விளக்கு’ என்று முடிப்பதும் இந்த எதுகையில்தான். மற்ற விளக்குகளிலிருந்து பொய்யாமையைப் பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில், லகரம் யகரமாகி, ஒலியும் சற்றே விலகி நிற்கிறது. ‘அன்பீனும்’ என்பதற்கு ‘நண்பென்னும்’ மெல்லின எதுகையாக வரும் குறளையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். னகரத்துக்கு முன்னால் நின்ற நுனிநாக்கு, ணகரத்துக்காகப் பின்னோக்கி மடங்கும். அன்பு ஆர்வத்தை ஈன, ஆர்வம் நட்பை ஈனுகிறது என்பது அந்தக் குறள். பேத்தியின் முகத்தில் பாட்டியின் சாயல் தெரிவதுபோல, ‘நண்பு’ என்ற சொல்லுக்குள் ‘அன்பு’ கேட்கிறது.

சீவக சிந்தாமணியில் ஏமாங்கத நாட்டைப் பாடும் செய்யுளின் அடிகள் காய்மாண்ட, பூமாண்ட, தேமாங்கனி, ஏமாங்கதம் என்று தொடங்குகின்றன. முதலடியில் மட்டும் இடையில் ஒரு யகர ஒற்று நுழைவதால் அது ஆசிடை எதுகை. அந்த அடியில் வரும் தெங்கின் பழம், அதாவது தேங்காய், விழுவதற்கு முன் ஒரு நொடி காம்பில் தயங்குவதாகவே எனக்கு அந்த ஒற்று கேட்கிறது.

எங்கள் கரையில் கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டிலும் இதைக் கேட்டிருக்கிறேன். ‘ஏலேலோ’, ‘ஐலசா’ இரண்டுக்கும் நடுவில் நிற்கும் லகரத்தைத் தவிரப் பெரிய ஒற்றுமை இல்லை. ஆயினும் ஒன்று அழைக்க, மற்றது விழும் கணத்தில் அத்தனை கைகளும் சேர்ந்து கயிற்றை இழுக்கின்றன.

‘வலையோடு’ என்று திருத்தினால் எதுகை கச்சிதமாகப் பொருந்தும் என்பது உண்மைதான். ஆனால் அலையும் வலையும் போனவனுக்கு உரியவை. நின்றவளுக்கு இருந்தது கரை மட்டுமே. அலை கரையை நெருங்கும், தொடும், திரும்பிவிடும். முழுவதும் பொருந்தாத அந்த எதுகையில் அவளுடைய காத்திருப்பு முழுவதும் இருந்தது. அடிக்கப்பட்ட சொல்லை அதே தாளில் மீண்டும் எழுதி, பக்கத்தில் ‘இடையின எதுகை’ என்று குறித்து, அந்த மாணவியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.