திறப்பு விழாவுக்கு மேளம் எதற்கு?

(மேலூரில் ஒரு கல்யாண மண்டபம். முதல் பந்தி இன்னும் எழுந்திருக்கவில்லை. பாண்டி, ஓய்வுபெற்ற கண்டக்டர். தவமணி, ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர். இருவரும் பக்கத்துக் கிராமப் பள்ளியில் பிளஸ் டூ முதல் செட்.)

பாண்டி: தங்கச்சி, 10,000 ரூபாய் வந்து சேர்ந்தது. குழுவில் முதலில் பணம் போட்டது நீங்கள்தான். ஆம்பிளைகள் எல்லாம் இன்னும் கட்டைவிரலைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

தவமணி: தங்கச்சியா? பள்ளிக்கூடப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள், வயதில் நான்தான் மூத்தவள். இரண்டு வருடம் ஒரே வகுப்பில் இருந்தும் ஒரு வார்த்தை பேசாத மனுஷன், இப்போது வந்து தங்கச்சியாம். அது கிடக்கட்டும். உங்கள் குரல் பதிவைக் கேட்டு எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது பாண்டி. "நம் காலத்தில் அது இல்லாமல் நாம் பட்ட அவமானம் இனி எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம்" என்றீர்களே!

பாண்டி: எத்தனை வருட ஏக்கம்! பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போதெல்லாம் வயிறு எரியும். அவர்களுக்கு ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி கட்டியிருக்கிறார்கள்.

தவமணி: ரோட்டிலிருந்தா? அது அவ்வளவு நல்லா இருக்காதே. கொஞ்சம் மறைவாக, பின்பக்கமாக...

பாண்டி: பின்பக்கமா! இவ்வளவு செலவழித்துக் கட்டுவதை யாராவது பின்பக்கம் கொண்டுபோய் வைப்பார்களா? வாசலில்தான். ரோட்டைப் பார்த்து.

தவமணி: பிள்ளைகள் கூச்சப்படுமே.

பாண்டி: எதற்குக் கூச்சம்? பெருமையாக இருக்கும். காலையில் பள்ளிக்கு வந்ததும் முதல் வேலை அதில் நுழைவதுதான்.

தவமணி: எல்லாருமேவா? ஒரே நேரத்திலா?

பாண்டி: தாராளமாக. 20 அடி அகலம். பஸ்ஸே போகலாம்.

தவமணி: வேலையை விட்டும் பஸ் உங்களை விடவில்லை. சரி, மொத்தம் எத்தனை?

பாண்டி: ஒன்றுதான்.

தவமணி: ஒன்று எப்படிப் போதும்? பெண்பிள்ளைகளுக்குத் தனியாக வேண்டாமா?

பாண்டி: இதில் என்ன ஆண், பெண்? காலம் மாறிவிட்டது தங்கச்சி. எல்லாருக்கும் ஒரே வழிதான்.

தவமணி: கதவாவது நல்ல கதவாகப் போடுவீர்களா?

பாண்டி: கதவு கிடையாது. கதவு போட்டால் எடுப்பாக இருக்காது என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார்.

தவமணி: அந்த இன்ஜினியருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?

பாண்டி: அதை ஏன் கேட்கிறீர்கள்? விஷயத்தைக் கேளுங்கள். திறப்பு விழாவுக்குக் கலெக்டரைக் கேட்டிருக்கிறோம். அவர் ரிப்பனை வெட்டி முதலில் உள்ளே போவார்.

தவமணி: கலெக்டரேவா?

பாண்டி: அவர் போனதும், முதல் செட் என்கிற மரியாதைக்கு நாமெல்லாம் வரிசையாகப் போகிறோம். மேளதாளத்தோடு.

தவமணி: மேளம் எதற்கு?

பாண்டி: மேளம் இல்லாமல் எப்படி? போகும்போதும் வாசிக்க வேண்டும், வரும்போதும் வாசிக்க வேண்டும். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.

தவமணி: உள்ளே போனவர் வெளியே வர எவ்வளவு நேரமாகும் என்று தெரியாமலேயா அட்வான்ஸ் கொடுத்தீர்கள்?

பாண்டி: நேரம் ஆகத்தான் செய்யும். நின்று போட்டோ எடுக்க வேண்டாமா?

தவமணி: போட்டோவா!

பாண்டி: சாதாரண போட்டோ இல்லை. டிரோன். மேலேயிருந்து.

தவமணி: மேலேயிருந்தா? ஏன், கூரையும் கிடையாதா?

பாண்டி: கூரை எதற்கு? உச்சியில் பள்ளிக்கூடத்தின் பேர். தூணில் நம் பேர். நம் ஊரிலேயே கிடைக்கிற கிரானைட்டில் வெட்டி வைக்கிறோம்.

தவமணி: நம் பேரா? அந்த இடத்திலா? பிள்ளைகள் கரித்துண்டால் எழுதுவது போதாதென்று நாமே கல்லில் வேறு எழுத வேண்டுமா? போகட்டும் பாண்டி, ஒன்றே ஒன்று சொல்லுங்கள். தண்ணீருக்கு என்ன ஏற்பாடு?

பாண்டி: தண்ணீரா? ஆர்ச்சுக்கு எதற்குத் தண்ணீர்?

தவமணி: எதற்கு?

பாண்டி: ஆர்ச்சுக்கு. நுழைவு வளைவுக்கு.

(மேடைக்குப் பக்கத்தில் மைக்கில் மொய் வாசிக்கிறார்கள். யாரோ ஒரு தாய்மாமனின் 5,001 ரூபாய் முழங்கி முடிகிற வரை தவமணி பேசவில்லை.)

தவமணி: நான் கழிப்பறைக்கு என்றல்லவா பணம் போட்டேன்.

பாண்டி: மெதுவாகப் பேசுங்கள், பந்தி நடக்கிற இடம்! கழிப்பறையா? எங்கேயாவது பழைய மாணவர்கள் கழிப்பறை கட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அதில் பேரை எங்கே போடுவது?

தவமணி: அப்படியானால் நீங்கள் பட்ட அவமானம் வளைவு இல்லாததுதானா?

பாண்டி: பின்னே? எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டால் "அந்த வேப்பமரத்துப் பள்ளிக்கூடம்" என்று சொல்ல வேண்டியிருந்ததே. ஒரு அடையாளம் உண்டா?

தவமணி: வேப்பமரம் அடையாளம் இல்லையா?

பாண்டி: மரத்தை வெட்டியாயிற்று. வளைவுக்கு இடம் வேண்டுமே.

தவமணி: சரிதான்.

பாண்டி: நீங்கள் என்னதான் சொன்னாலும் அந்தக் காலம் வராது தங்கச்சி. 1978. அதுவரை பதினோராவது எஸ்.எஸ்.எல்.சி.யை முடித்துவிட்டு பி.யூ.சி. படிக்கக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். பிளஸ் டூ என்று வந்ததும் நம் பள்ளிக்கூடமே கல்லூரி மாதிரி ஆகிவிட்டது. லேப் என்று ஒரு அறை. அதில் வேதியியல் சார் கையில் அந்த ஒற்றை பிப்பெட்...

தவமணி: ஆமாம், வகுப்பே வாய் வைத்து உறிஞ்சின பிப்பெட். ஆனால் ஒன்று, அந்தப் பிளஸ் டூ ஊருக்குள் வராமல் போயிருந்தால் நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். பி.யூ.சி.க்காகப் பெண்பிள்ளையை மதுரைக்கு பஸ் ஏற்றிவிடுகிற ஆள் இல்லை எங்கள் அப்பா. 1980-இல் முதல் பரிட்சை எழுதினோம், நர்சிங் பயிற்சிக்குப் போனேன், இன்றைக்குப் பென்ஷன் வாங்குகிறேன். அந்த நன்றிக்குத்தான் 10,000. வளைவுக்கு இல்லை.

பாண்டி: அந்த நன்றிதானே எங்களுக்கும்! அப்புறம் அந்த மண்பானைத் தண்ணீர் ஞாபகம் இருக்கிறதா? மரத்தடியில் மணல் பரப்பி வைத்திருப்பார்கள். தேன்! இன்றைக்கு எந்த பாட்டில் தண்ணீரில் அந்த ருசி இருக்கிறது?

தவமணி: எனக்குத் தெரியாது.

பாண்டி: மறந்துவிட்டீர்களா?

தவமணி: குடித்ததே இல்லை. எங்கள் வரிசையில் நாலு பேருமே குடித்ததில்லை. ஒன்பதரைக்கு உள்ளே வந்தால் நாலரைக்குத்தான் வெளியே. குடித்தால் போக வேண்டுமே, எங்கே போவது?

பாண்டி: எங்களுக்கு வேலி ஓரம் இருந்தது. ஒரு குறையும் தெரியவில்லை.

தவமணி: தெரியாதுதான்.

பாண்டி: அதை விடுங்கள். நம் கணக்கு சாரை எடுத்துக்கொள்ளுங்கள். புளிய விளாரை எண்ணெய் தடவி வைத்திருப்பார். எங்கள் அப்பா நேரிலேயே வந்து "கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள் சார், தோலை உரித்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அடிதான் நம்மை மனுஷனாக்கியது.

(பழைய மாணவர் கூட்டத்தில் இதைச் சொல்லாத ஆண்பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. அடி வாங்கி நடுவிலேயே நின்றுபோன பையன்களை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. அதனால் மறுத்துப் பேச ஆளில்லை.)

தவமணி: அவ்வளவு அடி வாங்கிக் கணக்குப் படித்தும், டிக்கெட்டுக்குப் பின்னால் "பாக்கி 3 ரூபாய்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கும்போது மறந்துபோகிற ஆள்தானே நீங்கள்?

பாண்டி: அது சில்லறைத் தட்டுப்பாடு! அதற்கும் சாருக்கும் என்ன சம்பந்தம்?

தவமணி: சரி, வளைவுக்கே வருவோம். மேலூர் வண்டியில் எத்தனை வருடம் மாட்டுத்தாவணி வழியாகப் போய் வந்தீர்கள். அங்கே நக்கீரர் தோரணவாயில் இருந்ததா இல்லையா?

பாண்டி: இருந்தது. 1981 உலகத் தமிழ் மாநாட்டுக் காலத்தது. நாம்கூட அந்த மாநாட்டுக்கு லாரியில் ஏறிப் போனோமே.

தவமணி: நீங்கள் போனீர்கள். எங்களை யார் லாரியில் ஏற்றினார்கள்? அந்த வாயிலைத் தாண்டும்போதெல்லாம் "இதை எவன்டா நடு ரோட்டில் வைத்தான், ட்ரிப் லேட்டாகிறது" என்று வைதது யார்? கடைசியில் 2025-இல் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று இடித்தே விட்டார்கள். நக்கீரருக்கே அந்தக் கதி. பாண்டி எத்தனை நாள் நிற்பார்?

பாண்டி: நம் வளைவு உள்ரோட்டில்தானே இருக்கிறது. அங்கே மாட்டு வண்டிகூட வருவதில்லை.

தவமணி: அப்புறம் யார் பார்ப்பதற்கு?

பாண்டி: ...டிரோன் இருக்கிறதே.

தவமணி: நன்றாக இருக்கிறது.

பாண்டி: நீங்கள் வேண்டுமென்றே மடக்குகிறீர்கள். கழிப்பறை கட்ட வேண்டியது அரசாங்கம். சட்டமே இருக்கிறது.

தவமணி: இருக்கிறது. 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தில் ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் தனித்தனியாக வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது. கட்டியும் இருக்கிறார்கள். போன வாரம் தலைமையாசிரியரைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

பாண்டி: அப்புறம் என்ன? கட்டினதையே எதற்குக் கட்ட வேண்டும்?

தவமணி: மோட்டார் எரிந்து கிடக்கிறது. இரண்டு கதவில் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கழுவுகிற அம்மாவுக்குச் சம்பளம் பல மாதமாக வரவில்லை என்று டீச்சர்களே கையிலிருந்து போட்டுக் கொடுக்கிறார்கள். மோட்டார், தாழ்ப்பாள், அந்த அம்மாவுக்குக் கொஞ்ச காலத்துச் சம்பளம். இதற்குக் கேட்டால் தருவீர்களா?

பாண்டி: தாழ்ப்பாளில் பேர் வெட்ட முடியாதே தங்கச்சி.

தவமணி: அக்கா என்று சொல்லுங்கள்.

பாண்டி: சரி, அக்கா. கலெக்டர் வந்து தாழ்ப்பாளையா திறந்து வைப்பார்? மேளத்துக்கு வேறு...

தவமணி: அந்த மேளத்தை விடவே மாட்டீர்களா? ஒன்று கேட்கிறேன். உங்கள் பேத்தி இந்த வளைவுக்குள் போகப் போகிறாளா?

பாண்டி: அவள் மதுரையில் சிபிஎஸ்இ பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள்.

தவமணி: அங்கே வளைவு இருக்கிறதா?

பாண்டி: கவனிக்கவில்லை.

தவமணி: கழிப்பறை?

பாண்டி: இருக்கிறது, பளபளவென்று. சேர்ப்பதற்கு முன்னால் என் மருமகள் முதலில் அதைத்தான் போய்ப் பார்த்தாள்.

தவமணி: வெவரமான பெண்.

பாண்டி: ...

தவமணி: பணத்தைத் திருப்பிப் போட்டுவிடுங்கள். எங்கள் குழுவிலிருந்து நேராக டீச்சரிடம் கொடுத்துக்கொள்கிறோம்.

பாண்டி: எந்தக் குழு? பெண்களுக்கென்று தனிக் குழு வைத்திருக்கிறீர்களா? எனக்குத் தெரியாமல் எப்போதிருந்து?

தவமணி: 1978-லிருந்து. அப்போது போன் கிடையாது. மத்தியான மணி அடித்ததும் நாலு பேரும் சேர்ந்து கண்மாய்க்கரைக் கருவேலங்காட்டுக்குப் போவோம். ஒருத்தி காவல் நிற்பாள்.

(முதல் பந்தி எழுந்துவிட்டது. இலைகளை எடுக்கிறார்கள். பாண்டி எழுந்திருக்கவில்லை.)

பாண்டி: திருப்பித் தருவதில் ஒரு சிக்கல் இருக்கிறது அக்கா. கல்லில் பேர் வெட்டியாயிற்று. முதலில் பணம் போட்டவர் என்று உங்கள் பேர்தான் முதல் பேர்.

தவமணி: என் பேரா? காட்டுங்கள்.

பாண்டி: (போனை நீட்டி) படத்தைப் பெரிதாக்காதீர்கள், அப்படியே பாருங்கள்.

தவமணி: "திரு. தவமணி." திருவா?

பாண்டி: தவமணி என்று ஆம்பிளையும் இருப்பான், பொம்பிளையும் இருப்பாள். பணம் போட்டவர் லிஸ்டில் முதல் பேர் என்றதும் கல் வெட்டுகிறவர் ஆம்பிளை என்றே முடிவு செய்துவிட்டார். கிரானைட், அழிக்கவும் முடியாது. மூன்று பேரிடம் கேட்டுவிட்டேன்.

தவமணி: அழிக்க வேண்டாம், இருக்கட்டும்.

பாண்டி: நிஜமாகவா? கோபம் இல்லையே?

தவமணி: என்ன கோபம்? கல்லிலேயே ஆம்பிளை என்று வெட்டியாயிற்று. திறப்பு விழா அன்றைக்கு எனக்கும் வேலி ஓரமே போதும். மேளத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.