கையெழுத்துப் போடும் முன்
சிறுவர் கதை எழுத வருபவர்கள் எழுதியதைக் குழந்தைகளிடம் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது சொல்வது ரொம்பச் சரி. என் கதையில் 'முயல் ஆச்சரியத்தில் ஆழ்ந்தது' என்ற இடத்தில் பிள்ளைகள் ஜன்னல் பக்கம் பார்க்க ஆரம்பித்தார்கள். அன்றே அந்த வரியை மாற்றினேன்.

அப்புறம், உரிமை விஷயம். முதல் கதையை ஒரு பதிப்பகத்துக்கு வாய்ப்பேச்சிலேயே கொடுத்துவிட்டு அலைந்தவன் நான். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். பதிப்பகம் தரும் ஒப்பந்தத்தில் 'எல்லா உரிமையும் நிரந்தரமாக' என்று ஒரு வரி இருந்தால் அதை அடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். புது எழுத்தாளர்தானே என்று கூச வேண்டாம்.